பொட்டு வைத்த ஜன்னல்

கோடை விடுமுறை விட்டால் மற்ற பிள்ளைகள் விளையாடப் போவார்கள். துர்காதேவி மட்டும் வேலைக்குப் போனாள். வேலை செய்யும் இடம் அவள் வீட்டு வாசல்தான். தெருவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிற சிறுமி. ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் அந்தத் தெரு முழுக்க அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் எல்லம்மா அக்கா, தெரு முனையில் "மீனோய்... மீனு!" என்று கணீரென்று ஆரம்பிப்பார். துர்காவின் வீடு நெருங்கியதும் அவர் குரல் தானாக இறங்கிவிடும்.

"இன்னா துர்கா, உங்க நைனா எழுந்துட்டாரா?" என்று கிசுகிசுப்பார்.

"இல்லக்கா. இப்பத்தான் கண்ணு அசந்தாரு."

"மடவை கீது, எறா கீது. அம்மாவைக் கேட்டுக்கினு வா."

இதுவும் கிசுகிசுப்புதான். ரகசியம் பேசுவது போல மீன் விற்றவர் எனக்குத் தெரிந்து எல்லம்மா அக்கா ஒருவர்தான்.

பழைய இரும்பு வாங்கும் கலியன், மூன்று சக்கர வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வருவார். துர்கா உதட்டில் விரலை வைத்தால் போதும், மைக்கை அணைத்துவிட்டு, திருடன் மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். கிரிக்கெட் ஆடும் பையன்கள் அவுட் கேட்பதற்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குவார்கள்.

லாரிகளிடமும் ரயில்களிடமும்தான் அவள் பருப்பு வேகவில்லை. அவை தம் இஷ்டத்துக்கு ஊளையிட்டுக்கொண்டு போயின.

இத்தனை பாடும் துர்காவின் அப்பா மணவாளனுக்காக. அவளுக்கு அவர் நைனா. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் அவர் கிரேன் ஓட்டினார். பகலில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் அந்த ஆலை இரவில்தான் முழு மூச்சாக ஓடியது. ஊர் தூங்கும் நேரத்தில் நைனா வேலை செய்தார். ஊர் கூச்சல் போடும் நேரத்தில் அவர் தூங்கியாக வேண்டும்.

ஆயுத பூஜை அன்று ஆலையில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அப்போது துர்கா அவர் கிரேன் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். கூரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் நைனா. அவர் கை லேசாக அசைந்ததும், கீழே கிடந்த பெரிய கம்பிக் கட்டு அப்படியே மேலே கிளம்பியது. ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நகர்ந்து, லாரியின் மேல் இறங்கியது. இறங்கியதே தெரியவில்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விட்டார்.

"யாரு அந்தக் கிரேன்ல?" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"எங்க நைனா" என்று துர்கா சொன்னபோது அவள் தலை அந்தக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான் தூக்கம் இல்லை. காரணம், அவர் படுக்கும் அறையின் ஜன்னல்.

அந்த ஜன்னல் ஒரு தனி ரகம். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஒரு கதவு மூடவே மூடாது. அதைப் பழைய புடவைக் கிழிசலால் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். மற்றொரு கதவு மூடும், ஆனால் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மேற்குப் பக்கத்து வெயிலும், ஆலைத் தூசியும், தெருச் சத்தமும் அது வழியாக எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வந்தன. மதியம் மின்சாரம் போய் மின்விசிறியும் நின்றுவிட்டால், நைனா பாயைவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் காலை வேலை முடிந்து வந்தவர், நாஷ்டாகூடச் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க ஆச்சு?" என்று துர்காவின் அம்மா செண்பகம் கேட்டார்.

"கண்ணு சொக்கிடுச்சு செண்பகம். ஒரு நொடிதான். கம்பிக் கட்டு சாஞ்சிடுச்சு. கீழ ஆளு இல்ல. இருந்திருந்தா..."

அவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கீழ வேல செய்யறவங்க எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க. கொஞ்ச நாளு பாக்கறேன். தூக்கம் சரியாவலன்னா மேனேஜர்கிட்ட சொல்லிட்டு நானே கிரேனை வுட்டு எறங்கிடுவேன். கீழ மூட்டை கீட்டை தூக்கிக்கினு இருக்கலாம்."

துர்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கிரேனில் இல்லாத நைனாவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நைனா தூக்கமில்லாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டு அந்த வாரமே சஹாபுதீன் வந்தார். அவர் நைனாவின் பழைய தோழர். முன்பு அதே ஆலையில் வேலை செய்தவர், இப்போது மீஞ்சூர்ப் பக்கம் ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் இருந்தார். துர்காவுக்கு மாமா முறை.

"மணவாளா, உன் தூக்கத்தைத் தூக்கிக்கினு வந்துட்டேன்!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

துர்கா பழக்கதோஷத்தில் உதட்டில் விரலை வைத்தாள். அப்புறம்தான் அன்று ஞாயிற்றுக்கிழமை, நைனா விழித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

வெளியே குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வெள்ளை வெளேரென்று இரண்டு ஜன்னல்கள் இருந்தன. சென்னையில் ஏதோ பங்களாவுக்குச் செய்து அளவு தவறிப்போனவையாம். பட்டறை முதலாளி சல்லிசாகக் கொடுத்துவிட்டார். ஒன்று கூடத்துக்கு, ஒன்று நைனாவின் அறைக்கு. சட்டம் தனியாக, கண்ணாடி தனியாக இருந்தது.

துர்கா கண்ணாடியை ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுல ரெண்டு கண்ணாடி கீது!"

"அதான் விஷயமே. நடுவுல காத்தை வச்சி அடைச்சிருக்காங்க. சத்தம் உள்ள வராது. அப்புறம், ரெண்டுல ஒரு கண்ணாடிக்கு மட்டும் பூச்சு பூசிக்கீறாங்க. அது வெளிச்சத்தை வுடும், சூட்டைத் திருப்பி அனுப்பிடும்."

"பூச்சா? ஒண்ணுமே தெரியலியே."

"கண்ணுக்குத் தெரியாது கண்ணு. அவ்ளோ சன்னம். நான் சட்டம் அறுக்கறவன், கண்ணாடி வேற எடத்துலேர்ந்து வருது. எனக்குத் தெரிஞ்சது இதான்: ஸ்டிக்கர் ஒட்டிக்கீது பாரு, அந்தப் பக்கம் தெருவைப் பாக்கணும். அப்பத்தான் சூடு வெளியவே நிக்கும்."

கண்ணாடிகளைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவரும் கொத்தனாரும் பழைய ஜன்னல்களைப் பெயர்க்கப் போனார்கள். நைனா தூசியில் இருமிக்கொண்டே கூடமாட உதவி செய்தார். துர்கா எல்லோருக்கும் வடை வாங்கக் கடைக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. இரண்டிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் அம்மா. புது வீட்டுக்கு நிலை வைக்கும்போது செய்வது போலவே செய்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சட்டத்தைப் பொருத்திவிட்டுக் கண்ணாடியை எடுக்க வந்த சஹாபுதீன் மாமா, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் எங்க தங்கச்சி?"

"அதுவா? ஒரே பசையும் அழுக்குமா இருந்துச்சு அண்ணே. சுரண்டிட்டு, தொடச்சி, பொட்டு வச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. பொட்டு வச்ச பக்கம்தானே தெருவைப் பாக்கணும்?"

"ஆமாண்ணே. பொட்டு தெருவைத்தானே பாக்கணும்!" என்றார் அம்மா.

இருவரும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டதால் இருவருக்கும் திருப்தி. சாயங்காலத்துக்குள் ஜன்னல்கள் ஏறிவிட்டன.

மாமா அறை ஜன்னலை மூடினார். தெருவில் ஒரு லாரி போனது. போவது தெரிந்தது, ஆனால் சத்தம் எங்கேயோ பக்கத்து ஊரில் போவது போல் கேட்டது. ரயில்கூட அடக்க ஒடுக்கமாகப் போயிற்று. துர்கா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். திறந்தால் தெரு வந்தது, மூடினால் தெரு போனது. அவளுக்கு அது மாயாஜாலமாக இருந்தது.

"இனிமே நீ வாசல்ல காவல் காக்க வோணாம்" என்று நைனா சிரித்தார்.

மறுநாள் மதியம் மின்சாரம் போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மின்விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் நைனா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. கூடத்தில் படுத்துப் பார்த்தார். கூடத்தில் புழுக்கம் குறைவாக இருந்தது, கண்கூட மூடினார். ஆனால் அங்கேதான் அம்மாவின் தையல் இயந்திரம். ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள்.

"ஐயையோ, அண்ணன் தூங்கறாரா?" என்று ஒவ்வொருவரும் உரக்க வருத்தப்பட்டார்கள்.

நைனா எழுந்து அறைக்கே போய் ஜன்னலைத் திறந்துவைத்தார். தெருச் சத்தம் பழையபடி உள்ளே வந்தது. துர்காவும் பழையபடி வாசலுக்கு வந்தாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நைனா யாரையும் குறை சொல்லவில்லை. "சஹாபுதீன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, பாவம், ஆசையா வந்து மாட்டிட்டுப் போனான்" என்றார். தன் கண்ணில் எரிச்சல் இருக்கும்போதும் அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் துர்காவால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏம்மா, ரெண்டும் ஒரே ஜன்னல்தானே? கூடத்துல ஏன் சூடு கம்மி, அந்த ரூம்ல ஏன் ஜாஸ்தி?"

"அந்த ரூமுக்கு வெயில் ஜாஸ்தி" என்றார் அம்மா, தையலிலிருந்து தலை தூக்காமல்.

துர்கா தெருவில் இறங்கிப் பார்த்தாள். இரண்டு ஜன்னல்களும் ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெயில் இரண்டின் மேலும் ஒன்றாகத்தான் விழுந்தது. ஒன்றுக்கு ஒரு கரண்டி கூட, மற்றதற்கு ஒரு கரண்டி குறைவு என்று சூரியன் பந்தி பரிமாறவில்லை.

உள்ளே வந்து கூடத்து ஜன்னலின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். லேசான சூடு. பிறகு சத்தமில்லாமல் நைனாவின் அறைக்குள் போய் அந்த ஜன்னலை மூடினாள். கொஞ்ச நேரம் பொறுத்து, அதில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் ஆனது போல் இருந்தது.

"இன்னா துர்கா பண்ற?" என்றார் நைனா. அவர் தூங்கவில்லை.

"இந்தக் கண்ணாடி சுடுது நைனா. அந்தக் கண்ணாடி சுடல."

"சுட்டா சுடட்டும், வுடும்மா." அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "நாளைக்குக் காலைல மேனேஜரைப் பாத்து சொல்லிடறேன். நேத்து ராவு பூரா கண்ணுல தண்ணி அடிச்சிக்கினே வேலை செஞ்சேன். இது ஆவாது."

துர்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கை வலித்தது. வலித்தால் என்ன என்று விசிறினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் மறுபடி மின்சாரம் போனது. நைனா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு மெழுகுவத்தியை ஏற்றி துர்கா கையில் கொடுத்து, "கூடத்துல வை" என்றார்.

துர்கா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வெளியே இருட்டியிருந்தது. கண்ணாடியில் மெழுகுவத்தியின் சுடர் தெரிந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள். ஒரு சுடர் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக நான்கு சுடர்கள் நின்றன.

"ஏன் நாலு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் அவளுக்கே பிடிபட்டது. கண்ணாடி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஆக நாலு.

இன்னும் உற்றுப் பார்த்தாள். மூன்று சுடர்கள் மஞ்சளாக இருந்தன. ஒன்று மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தது. அவள் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது சுடர்.

மூன்றாவது என்றால் தெருப் பக்கத்துக் கண்ணாடி.

"ம்மா! பூச்சு தெரியுதும்மா! சன்னமா பூசிக்கீறாங்கன்னு மாமா சொன்னாரே, அது தெரியுது!"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் மெழுகுவத்தியோடு நைனாவின் அறைக்கு ஓடினாள். அம்மா, "பாத்து, பாத்து, மெழுவு ஊத்தப் போவுது!" என்று பின்னாலேயே வந்தார்.

அறை ஜன்னலில் அதே மாதிரி சாய்த்துப் பிடித்தாள். இங்கேயும் நாலு சுடர். இங்கேயும் ஒன்று ரோஜா நிறம். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கூடத்துக்குப் போய் அங்கே ஒரு தரம் எண்ணிவிட்டு, திரும்ப வந்து இங்கே எண்ணினாள்.

"நைனா, இங்க வா!"

நைனா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"கூடத்துல மூணாவது சுடர் ரோஸு. இங்க ரெண்டாவது ரோஸு. அங்க பூச்சு தெருப் பக்கத்துக் கண்ணாடியில கீது. இங்க நம்ம பக்கத்துக் கண்ணாடியில கீது. இந்தக் கண்ணாடி திரும்பிக்கினு கீது நைனா!"

நைனா குனிந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்தது.

"திரும்பினா இன்னா ஆவும்?" என்றார் அம்மா.

துர்கா யோசித்தாள். "உங்க கம்பெனில வாட்ச்மேன் எங்க நிப்பாரு நைனா?"

"கேட்டுல."

"கேட்டுல நிக்காம உள்ள வந்து கிரேனுக்குக் கீழ நின்னா?"

"கண்டவனும் உள்ள பூந்துடுவான்."

"அதான் ஆயிக்கீது. நம்ம வாட்ச்மேன் உள்ள வந்து நின்னுக்கினு கீறாரு. சூடு பாதி தூரம் உள்ள வந்தப்புறம்தான் புடிக்கறாரு. அதனாலதான் இந்தக் கண்ணாடி இப்படி சுடுது."

நைனா பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கிரேனிலிருந்து எத்தனையோ பார்த்தவர், அன்று கண் கொட்டாமல் பார்த்தது தன் மகளைத்தான்.

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கண்ணாடியையும் சுவத்துல சாச்சி வச்சிருந்தாங்க. ஒண்ணுல ஸ்டிக்கர் என் பக்கம் தெரிஞ்சுது. இன்னொண்ணுல சுவத்துப் பக்கம் இருந்துச்சு. நான் ரெண்டுத்துலயும் என் பக்கம் தெரிஞ்ச எடத்துல பொட்டு வச்சிட்டு, அப்புறம் பின்னால ஒட்டிக்கினு இருந்ததையும் சுரண்டிட்டேன்." அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாளா நீங்க தூங்காம தவிச்சது என்னாலதானா?"

துர்கா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னாலதான்மா கண்டுபுடிச்சோம். ரெண்டையும் தப்பா வச்சிருந்தீன்னா ரெண்டு ரூமும் ஒரே மாதிரி சுட்டிருக்கும். நமக்குத் தெரிஞ்சே இருக்காது!"

அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. நைனாவும் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து சஹாபுதீனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட..." என்று துர்கா மெதுவாக இழுத்தாள்.

"நாளைக்கு ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீ சொன்னது சரியான்னு பாத்துட்டு அப்பால பேசலாம்."

மறுநாள் காலை நைனா வேலையிலிருந்து வருவதற்கு முன்பே சஹாபுதீன் மாமா கருவிப் பையோடு வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, அறைக்குள் போய், கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, துர்கா சொன்னபடியே மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்தார். எண்ணினார். கூடத்திலும் அப்படியே இருட்டாக்கி எண்ணினார்.

"யா அல்லா!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "இத்தனை வருஷம் ஜன்னல் மாட்டறேன், ஒரு நாளாவது மெழுவத்தி ஏத்திப் பாத்திருக்கேனா?"

"தப்பு என்னுதுதான் அண்ணே" என்றார் அம்மா. "நான்தான் ஸ்டிக்கரைச் சுரண்டினேன்."

"இல்ல தங்கச்சி, ஸ்டிக்கர் இல்லன்னா நான் பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கணும். நீ மஞ்ச குங்குமம் வச்சிருந்ததைப் பாத்தேன். ஸ்டிக்கர் இருந்த எடத்துலதான் நீ வச்சிருப்பன்னு நெனச்சிட்டேன். பொட்டு வச்சதை உள்பக்கம் திருப்பறதுக்கும் மனசு வரல."

"அப்படிப் பாத்தா நானும் சொல்லணும்" என்றாள் துர்கா. "ஸ்டிக்கர் கீற பக்கம் தெருவைப் பாக்கணும்னு நீங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். வடையை நெனச்சிக்கினு அம்மாகிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

மூன்று பேரும் ஒரே தவறுக்கு அடித்துக்கொண்டார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாமா ஓரத்துப் பட்டையை நெம்பி எடுத்து, கண்ணாடியை வெளியே தூக்கினார். அம்மா சட்டென்று குங்குமச் சிமிழோடு முன்னால் வந்தார். துர்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, ஒரு நிமிஷம். மொதல்ல மாமா மாட்டட்டும். நான் மெழுவத்தி வச்சிப் பாத்து சொல்றேன். அப்புறமா நீ தெருவுக்குப் போய் அந்தப் பக்கம் பொட்டு வை."

"அதுவும் சரிதான்" என்றார் அம்மா.

மாமா பழைய பொட்டைத் துடைக்கவில்லை. "அது ஒரு பக்கம் இருக்கட்டும், நல்லதுக்குத்தானே வச்சது" என்று கண்ணாடியைத் திருப்பி உள்ளே வைத்தார். மறுபடி போர்வையைத் தொங்கவிட்டு, துர்கா சுடரை எண்ணினாள். ரோஜா நிறம் மூன்றாவதாக வந்து நின்றது. அம்மா தெருவுக்குப் போய், வெளியிலிருந்து ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் புதுப் பொட்டு வைத்தார். அந்த வழியாக வந்த எல்லம்மா அக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடி செண்பகம், ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் பொட்டா? சுமங்கலி ஜன்னலா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

நைனா வந்தார். கை கால் கழுவி, இரண்டு இட்லி சாப்பிட்டு, அறைக்குள் போய் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்தார்.

மதியம் வந்தது. வெயில் சுவர் முழுக்க ஏறியது. சொல்லி வைத்தது போல மின்சாரமும் போனது. தையல் இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி அம்மா அறைக் கதவையே பார்த்தார். துர்காவும் பார்த்தாள். ரவிக்கை வாங்க வந்த பெண்ணும், எதற்கென்று தெரியாமலே, சேர்ந்து பார்த்தாள்.

கதவு திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து துர்கா மெதுவாகக் கதவைத் தள்ளினாள். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சீரான குறட்டை வந்துகொண்டிருந்தது. துர்கா கால் விரலில் நடந்துபோய்க் கண்ணாடியில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வெளியே கலியனின் வண்டி போனது, மைக்கில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். இது யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆனது. தெரு விளக்கு எரிந்தது. நைனா எழவில்லை. அம்மா இரவுச் சாப்பாட்டைக் கட்டி வைத்தார். நைனா அப்போதும் எழவில்லை. தெரு முனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஊருக்கே கேட்ட அந்த ஹாரன் நைனாவுக்குக் கேட்கவில்லை.

"ஓடு துர்கா, எழுப்பு!" என்றார் அம்மா.

துர்கா அறைக்குள் ஓடி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நைனா! நைனா!"

நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். சோம்பல் முறித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகம் கழுவித் துடைத்தது போல் தெளிவாக இருந்தது.

"இன்னா கண்ணு, விடிஞ்சிடுச்சா?"

"விடியல நைனா, இருட்டிடுச்சு! பஸ்ஸு வந்துடுச்சு!"

நைனா ஒரு நொடி திகைத்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டி, சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, துர்காவின் தலையை ஒரு தரம் அழுத்திவிட்டு, தெருவில் ஓடினார்.

பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு மனிதர் அன்றிரவு அந்தக் கிரேனில் ஏறினார்.